நாலு வூட்ல கேளுங்க

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜமீரின் பிரவுசிங் சென்டருக்குப் போகிறவர்கள் திரும்பும்போது என் தையல் கடை வாசலில் நின்று முனகிவிட்டுத்தான் போவார்கள். "இன்னா சுரையாக்கா, ஒரு விஷயத்த நெட்டுல பாத்து சொல்லுடான்னா அரை மணி நேரம் ஒக்கார வெக்கிறான். மிஷின் பழசாய்டுச்சா, இல்ல அவன் பழசாய்ட்டானா?"

மிஷினும் பழசில்லை, அவனுக்கும் முப்பது வயது ஆகவில்லை. அவன் பார்க்கிற விதம் இப்போது அப்படி. கேட்க வந்தவரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பான். ஒரு பக்கத்தைத் திறந்தால் அடிவரைக்கும் தள்ளிப் பார்ப்பான். எழுதினவன் யார், எந்த வருஷம் எழுதினான் என்று தேடுவான். அதே விஷயத்தை வேறு இடத்தில் வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பான். எல்லாம் பார்த்த பிறகும் வாயைத் திறந்து தீர்ப்பு சொல்ல மாட்டான். "இதுல இப்பிடி போட்டுக்கீது. நீங்க நேர்லயும் ஒரு வார்த்த கேட்டுக்குங்க" என்பான். கேட்க வந்தவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நேரில் கேட்கத் தெரிந்தால் இவனிடம் ஏன் வருகிறார்?

அவன் முன்பு இப்படி இல்லை. அது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அவன் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் என் கை ஊசியோடு குலுங்கும். ஒட்டுக் கேட்கிறவள் என்று யாராவது என்னைச் சொன்னால் சண்டைக்குப் போவேன். காதைப் பொத்திக்கொண்டா நான் துணி தைக்க முடியும்?

காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சென்னையில் கொஞ்ச நாள் வேலை தேடி அலுத்துப்போய், இரண்டாயிரத்து மூன்றில் ஜமீர் இந்தக் கடையைப் போட்டான். அப்போது ஊரில் நெட் என்றால் அவன்தான். பரீட்சை ரிசல்ட், ரயில் டிக்கெட், வெளிநாட்டு வேலை, உடம்புக்கு வந்த நோய், எல்லாவற்றுக்கும் அவனிடம்தான் வருவார்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தட்டத் தெரியாது. இவன் தட்டிச் சொல்வான். என்ன வேகம் என்கிறீர்கள். வந்தவர் சொல்லி முடிக்கும் முன்பே விரல் ஓடிவிடும். முதலில் எது வருகிறதோ அதைத் திறப்பான், மேலே நாலு வரி படிப்பான், பிரிண்ட் எடுத்து நீட்டுவான். "அடுத்தது யாரு?" என்கிற அவன் குரல் தடுப்பைத் தாண்டி என் கடைக்குள் வந்துகொண்டே இருக்கும்.

பெருநகர் கிராமத்துச் சடையப்பன் விஷயம் நடந்த பிறகு பையனுக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போனது. சடையப்பனின் மகன் தினேஷ்குமாரை மலேசியாவுக்கு அனுப்புவதாக ஒரு ஏஜெண்டு சொல்லியிருந்தான். ஜமீர் அந்த ஏஜெண்டு பெயரைப் போட்டு, பக்கத்தில் மோசடி என்றும் இங்கிலீஷில் சேர்த்துத் தட்டினான். அந்த ஆளை வேறு ஊரில் போலீஸ் பிடித்த செய்தி வந்து விழுந்தது. குடும்பம் தப்பித்தது. சடையப்பன் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துவந்து கடையில் இறக்கிவிட்டுப் போனார். ஜமீர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஊரே பேசியது. அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் மோசடி, ஏமாற்று, புகார் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துத் தட்டுவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்குத் தெருவெல்லாம் நாறுகிற மாதிரிதான்.

பர்சானா அவனுக்கு மாமா பெண். அவளுடைய அத்தா முகம்மது கௌஸ் பாய் அரிசி மில்களுக்குச் சாக்கு விற்கிறவர். பர்சானா தபாலில் பி.காம். முடித்துவிட்டு என் கடையில் தைத்துக்கொண்டிருந்தாள். கையில் அப்படி ஒரு சுத்தம். முன்பு வந்த இடங்களெல்லாம், பெண் கடையில் உட்கார்ந்து தைக்கிறாளா என்று மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போய்விட்டன. வாலாஜாபாத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் ஹாரிஸ், சார்ஜாவில் ஏ.சி. மாட்டுகிற கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். அவன் அத்தாவுக்கு வாலாஜாபாத்தில் பாத்திரக் கடை. பெண் தைக்கிறாள் என்று சொன்னதற்கு அவர்கள், "தெச்சா இன்னா, நல்லதுதான" என்றார்களாம். அந்த ஒரு வார்த்தையிலேயே பர்சானா விழுந்துவிட்டாள். அவள் வாயால் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு பச்சைத் துணியோடு கடைக்கு வந்து, "அக்கா, இத நிச்சயத்துக்கு தெக்கணும், நீங்களே வெட்டிக் குடுங்க" என்றாள். நான் அன்றைக்கே வெட்டிக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் வந்தால் இரண்டு பக்கமும் விசாரிப்பார்கள். தரகர் சொல்வதையோ போட்டோவையோ யாரும் நம்புவதில்லை. யாரோ வெளியாள் மாதிரி அந்தத் தெருவுக்குப் போய், ஒரு டீ குடித்து, எதையாவது வாங்கி, பேச்சுவாக்கில் அந்த வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். ஹாரிஸின் அத்தாவும் அப்படி வந்தார். கையில் குடை, கக்கத்தில் பை. ஜெராக்ஸ் எடுக்கிற சாக்கில் ஜமீரின் கடைக்குள்ளேயே நுழைந்தார்.

"தம்பி, இங்க சாக்கு வியாபாரம் பண்ற கௌஸ் பாய் வூடு எப்பிடி? ஒரு பொண்ணு கீதாமே."

ஜமீர் சிரித்துவிட்டான். "பாய், அவரு எங்க மாமா. எங்கம்மா கூடப் பொறந்தவரு. எங்கிட்ட கேட்டா நல்லதுதான் சொல்லுவேன். பொண்ணு தங்கம். ஆனா நான் சொல்றத வெச்சி முடிவு பண்ணிடாதீங்க. நாலு வூட்ல கேளுங்க."

"நெசத்த சொன்ன பாரு, அதுக்கே ஒனக்கு ஒரு டீ வாங்கித் தரணும்" என்று அவரும் சிரித்தார். பிறகு கௌஸ் பாய் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் என் கடைக்கும் வந்து தலையணை உறை ஒன்று வாங்கினார். எனக்கு அவர் யாரென்று தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். "இந்தப் பொண்ணு தெச்ச பொத்தான் சட்ட கிழிஞ்சாலும் அறாது பாய்" என்றேன். தலையாட்டிக்கொண்டு போனார்.

அடுத்து எங்கள் முறை. கௌஸ் பாய் வாலாஜாபாத் போக ஒரு நாள் குறித்திருந்தார். அவருக்கு முட்டி வீக்கம். பஸ் ஏறுவதை நினைத்துப் புலம்பிக்கொண்டே ஜமீர் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் காலத்துல யாராச்சும் டீக்கடையில ஒக்காந்துகினு விசாரிப்பாங்களா மாமா? பையன் வேல செய்ற கம்பெனி பேர சொல்லுங்க. ரெண்டே நிமிஷம்" என்றான் ஜமீர்.

தட்டுகிற சத்தம் கேட்டது. பிரிண்டர் இரைகிற சத்தம் கேட்டது. அப்புறம் கௌஸ் பாய் "யா அல்லா" என்றது கேட்டது. நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்தக் கம்பெனி சம்பளமே தருவதில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், சுத்த மோசடி, யாரும் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று யாரோ புகார் எழுதியிருந்தான். ஜமீர் அதைத் தமிழில் படித்துச் சொன்னான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அச்சடித்து வந்தது பொய்யாகவா இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

"அல்லா காப்பாத்துனான்" என்று கௌஸ் பாய் எழுந்தார். அன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதோடு நின்றிருக்கலாம். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜும்மா முடிந்து வெளியே வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "எங்க ஜமீர்தான் கண்டுபிடிச்சான்" என்று பெருமை வேறு. ஜமீர் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிட்டது, கதை மட்டும் வாலாஜாபாத்துக்குப் போனது. அங்கே அந்தப் பையனுக்குப் பேசிக்கொண்டிருந்த இன்னொரு இடமும் கலைந்துபோனது என்று சாக்கு ஏற்றிவரும் லாரிக்காரர் சொன்னார். ஜமீர் அதைக் கேட்டுத் தோளைக் குலுக்கினான். நான் வெட்டிக் கொடுத்த பச்சைத் துணியைப் பர்சானா சுருட்டி அலமாரியின் அடித்தட்டில் செருகினாள். ஏன், எதற்கு என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிந்து தினேஷ்குமார் ஊருக்கு வந்தான். மலேசியா ஏஜெண்டிடமிருந்து தப்பித்த அதே சடையப்பன் மகன். பிறகு சொந்தக்காரர் ஒருவர் மூலமாக சார்ஜாவில் வேறு வேலைக்குப் போயிருந்தான். ஜமீருக்கு நன்றி சொல்லவென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். "எங்க கம்பெனி கட்டடத்த நைனாவுக்கு காட்டுண்ணே, எவ்ளோ பெரிசுன்னு பாக்கட்டும்" என்று கம்பெனியின் பெயரைச் சொன்னான். ஹாரிஸ் வேலை செய்கிற அதே கம்பெனி.

இந்தப் பக்கம் பர்சானாவின் தையல் மிஷின் நின்றுபோனது.

"அது மோசடிக் கம்பெனி ஆச்சே தினேஷு" என்றான் ஜமீர். குரலில் இன்னும் பழைய தோரணைதான்.

"யாருண்ணே சொன்னது? ரெண்டு வருஷமா நான் அங்கதான் கீறேன். மாசம் பொறந்தா சம்பளம். எவனோ ஏஜெண்டு முன்னாடி இவங்க பேர வெச்சி ஆளுங்கள ஏமாத்திக்கீறான். அத கம்பெனிக்காரங்களே நெட்டுல போட்டு வெச்சிக்கீறாங்களே."

பர்சானா எழுந்து ஜமீர் கடைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். சடையப்பன் நல்ல மனுஷன், ஏதோ குடும்ப விஷயம் என்று புரிந்துகொண்டு மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

"அன்னிக்கி எப்பிடித் தேடுனியோ அதே மாதிரி இப்ப தேடு" என்றாள்.

ஜமீர் தட்டினான். கம்பெனி பெயர், அப்புறம் வழக்கம்போல அந்த இன்னொரு வார்த்தை.

"அது இன்னாத்துக்கு?"

"எது?"

"மோசடின்னு ஏன் போட்ற? மோசடின்னு போட்டு தேடுனா மோசடிதான் வரும்."

அதே புகார் வந்தது. பர்சானா அவன் கையிலிருந்து மவுஸை வாங்கி, பக்கத்தை மெல்லக் கீழே தள்ளினாள். புகார் நாலு வருஷத்துக்கு முந்தையது. அடியில் அடுத்த பக்கம் என்று ஒன்று இருந்தது. அதைத் திறந்தாள். ஏமாற்றியது ஏஜெண்டுதான் என்று கம்பெனி எழுதிய பதில் அங்கே இருந்தது. அதற்கும் கீழே, புகார் எழுதினவனே, எனக்குப் பாஸ்போர்ட்டும் பணமும் திரும்பி வந்துவிட்டது, கம்பெனி மேல் தப்பில்லை, அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று எழுதியிருந்தான். பர்சானா ஒவ்வொரு வரியாகப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நீ இத கீழ தள்ளிகூட பாக்கலியா?" என்று கேட்டாள்.

"பாக்கல" என்றான்.

அவள் திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஜமீர் அன்று மாலைக்கு முன்பே ஷட்டரை இழுத்து விட்டான். மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என் கடையில் வந்து ஓரமாக உட்கார்ந்தான். ஷேவ் செய்யவில்லை, பல் துலக்கினானா என்பதுகூடச் சந்தேகம்தான்.

"வெக்கமா கீதுக்கா. மூஞ்ச எங்க கொண்டும்போய் வெச்சிக்கறதுன்னு தெர்ல."

"வெக்கப்படு. நல்லா வெக்கப்படு. ரெண்டு நிமிஷத்துல ஒரு பொண்ணு வாழ்க்கைய அச்சடிச்சி குடுத்தியே" என்றேன். நானும் தலையாட்டினவள்தான். அதனால்தானோ என்னவோ குரல் இன்னும் உயர்ந்தது.

"இவ விஷயமாச்சும் தெரிஞ்சிடுச்சிக்கா. எத்தினி பேருக்கு இந்த மாதிரி பிரிண்ட் எடுத்து குடுத்தேன். காய்ச்சலுக்கு, காலேஜுக்கு, மருந்துக்கு. யாருக்கு இன்னா சொன்னேன்னு நெனவே இல்ல. போய் சொல்றதுக்குக் கூட வழி இல்ல" என்றான். அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. அவன் சொன்னது உண்மை என்றால் எதைச் சொல்லித் தேற்றுவது?

பர்சானா தைப்பதை நிறுத்தாமலே பேசினாள். "அவங்க வூட்டுக்குப் போய் சொல்லு. பையன் மேல தப்பு இல்ல, கம்பெனி மேல தப்பு இல்ல, நான்தான் சரியா பாக்கலன்னு சொல்லு. அவங்க பேரு கெட்டுப் போச்சில்ல, அதுக்கு. வேற எதுவும் கேக்காத."

வேறு எதுவும் என்றால் எது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் அடித்தட்டில் இருந்த பச்சைத் துணி மறுநாள் மேல்தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஜமீர் தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை, சொல்ல வேண்டியதை விரலில் எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தான். வாலாஜாபாத்தில் இறங்கி ஹாரிஸ் வீட்டுத் தெருமுனைக்குப் போனதும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்தான். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும், நாங்கள் அந்த வீட்டுப் பக்கமே பார்ப்பதையும் கவனித்தார். அவராகவே தொடங்கினார்.

"பாத்திரக்கட பாய் வூட்டுக்கா? பொண்ணு வூட்டுக்காரங்களா நீங்க? ஒண்ணும் யோசிக்காதீங்க. அந்தப் பையன் லீவுல வந்தான்னா அவங்கத்தாவ ஒக்கார வெச்சிட்டு அவன்தான் கட தொறப்பான். ஒரு பீடி காட்டமுடியாது அவன் கையில. நடுவுல எவனோ ஒரு கம்னாட்டி கம்ப்யூட்டர்ல இன்னாத்தையோ எடுத்து வுட்டு பேர கெடுத்துட்டான். தெரிஞ்சவன் ஒத்தன் நம்பல."

ஜமீர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். எழுந்து நடந்தோம். எதிர்வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவும் எங்களை நிறுத்தினாள். "பாய் வூட்ட பத்தி கேக்க வந்தீங்களா? எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்ப அந்தப் புள்ளதான் ராவும் பகலும் இருந்துச்சி" என்றாள். நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சும்மா நடந்ததற்கே தெரு இத்தனை சொன்னது. முதலிலேயே ஒரு பஸ் டிக்கெட் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம். அவமானத்தில் எனக்கே காது சுட்டது. அவனைத் திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஹாரிஸின் அத்தா கடையில் அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜமீரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, பிரவுசிங் தம்பி. வா வா. தலகாணி ஒற விக்கிற அம்மாவும் வந்துக்கீறாங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடைக்குச் சொல்லி ரோஸ் மில்க் வரவழைத்தார். காகிதத்தை எடுத்தவன் யார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஜமீர் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. மோசடி என்று சேர்த்துத் தட்டியதையும், கீழே தள்ளிப் பார்க்காததையும் சொன்னான்.

அவர் துடைத்த துணியை மடித்து அண்டாவுக்குள் போட்டார்.

"எவனோ பொறாம புடிச்சவன் செஞ்சிட்டான்னு நெனச்சிகினு இருந்தேன். நீயா தம்பி?"

"நான்தான் பாய்."

"அன்னிக்கி நீதானப்பா சொன்ன, நாலு வூட்ல கேளுங்கன்னு. நான் கேட்டேனே."

அவர் திட்டியிருந்தால் நான் இரண்டு வார்த்தை எடுத்துப் பேசியிருப்பேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஜமீர் பிடித்திருந்த தம்ளர் சாய்ந்து ரோஸ் மில்க் சட்டையில் வழிந்தது. அவரே துண்டை எடுத்துக் கொடுத்தார். பையனுக்குச் செங்கல்பட்டில் பேசி முடித்துவிட்டதாகவும், வருகிற மாதம் நிக்காஹ் என்றும் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது கடை வாசல்வரை வந்தார். "அந்தப் பொண்ணுக்கு எங்க சலாம் சொல்லுங்க. அது மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார்.

உத்திரமேரூரில் இறங்கியபோது என் கடை திறந்திருந்தது. பர்சானா ஒரு சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஜமீர் வாசலிலேயே நின்று நடந்ததை எல்லாம் சொன்னான். டீக்கடைக்காரர் சொன்னது, எதிர்வீட்டு அம்மா சொன்னது, செங்கல்பட்டு, சலாம். நாலு வூட்ல கேளுங்க என்றதையும் அவர் சொன்னபடியே சொன்னான்.

பர்சானா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்கு நல்ல மாமனாரு கெடச்சிருப்பாரு" என்றாள்.

பிறகு மேல்தட்டிலிருந்த பச்சைத் துணியை எடுத்து என்னிடம் கொடுத்து, யாருக்காவது அளவு சரியாக இருந்தால் தைத்துக் கொடுத்துவிடச் சொன்னாள்.